கடைமடைக்குக் கீழே

வெள்ளகோவிலில் உண்ணாவிரதம், இரண்டாம் நாள்.
லாரி போகும்போதெல்லாம் தட்டி நடுங்கும்:
'கடைமடைக்கு உரிய பங்கைக் கொடு.'
எழுத்து என்னுடையது.
கேட்டுக்கு அடித்த பச்சைப் பெயிண்டு மிச்சம் இருந்தது.

சட்டைப் பையில் இன்னொரு தாள்.
காலையில் இ-சேவை மையத்தில் வாங்கினேன், பையனுக்கு.
கோபுரம் அச்சடித்து,
பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று போட்டது.
தொண்ணூற்றொன்றில் இதே தாளோடுதான்
பாலிடெக்னிக்குக்குள் நுழைந்தேன்.
அதை நாங்கள் கோட்டா என்பதில்லை.
சீட்டு கெடச்சுது என்போம்,
மழை கெடச்சுது என்பதுபோல.

உண்ணாவிரதம் ஆள் மாற்றி ஆள்தான்.
ஐந்து மணிக்கு என் முறை முடிந்து
எதிர் பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும்.
லோகு மாப்பிள்ளை ஆரம்பித்தான்.
"என்ற புள்ள நூத்தித் தொண்ணூறு கட்டாப்புங் மாமா.
அவியளுக்கு எவ்வளவு குடுத்தாலும் பத்தாது.
இன்னும் எத்தன தலமொறைக்குங்?"
தலையாட்டினேன்.
ஆட்டி முடித்தபிறகுதான் தோன்றியது,
இந்த வார்த்தையை எங்கோ கேட்டிருக்கிறேன்.

போன மாதம், பல்லடத்தில், பேச்சுவார்த்தை.
தலைமடைத் தென்னந்தோப்புக்காரர்
எங்களைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:
"உங்குளுக்கு எவ்வளவு உட்டாலும் பத்தாதுங்.
எங்க பாட்டன் வெச்ச தென்னைங்க.
ஒழைச்சு வந்ததுங்."
வாய்க்காலுக்குள் கிடக்கும் ஓஸ் பைப்பை
அவர் போடவில்லை.
அவர் பிறக்கும்போதே அது போட்டுக் கிடந்தது.
மைக்கைப் பிடுங்கினேன்.
"பங்கு கேக்கறமுங். பிச்சை கேக்கல."
யாரோ வீடியோ எடுத்து குரூப்பில் போட்டார்கள்.
முதல் லைக் லோகுவுடையது.

மூன்றாம் நாள் உதவிப் பொறியாளர் வந்தாள்,
ஸ்கூட்டியில், வரைபடச் சுருளோடு.
எங்கள் கிணற்றில் தூர் வாரிய ரங்கனின் மகள்.
தேன்மொழி.
பந்தலுக்குள் ஒரு முணுமுணுப்பு,
"கோட்டால வந்ததாட்டம்",
ஈயைப் போல உட்கார்ந்து எழுந்தது.
அவளுக்குக் கேட்டிருக்கும்.
கணக்குச் சொன்னாள்.
மடையில் திறந்தது இத்தனை கன அடி,
உங்களிடம் வந்து சேர்ந்தது இத்தனை,
நடுவில் காணாமல் போனது இத்தனை.
எல்லாம் எங்கள் பக்கம்தான் பேசின.
கைதட்டினோம்.

பிறகு வரைபடத்தை விரித்து
மூலைக்கொரு தண்ணீர் பாட்டில் வைத்தாள்.
"கடைமடை இங்க முடியலீங்ளே."
விரல் என் காட்டைத் தாண்டிப் போனது.
ஒரு ஏக்கர் இருபது சென்ட்.
ஆயக்கட்டுப் பதிவேட்டில் எட்டுப் பேர் பெயர்.
"இங்க தண்ணி போகுதுங்ளா?"

லோகு செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.
"அங்க ஆரும் வெள்ளாமை வெக்கறதில்லீங்" என்றேன்.
ரங்கன் வீட்டு ஆளிடம்
என் வாயிலிருந்து விழுந்த முதல் 'ங்'.

தண்ணி வராததால வெக்கலியா,
வெக்காததால தண்ணி உடலியா?
அவள் இதைக் கேட்கவில்லை.
பேனா மூடியைக் கடித்தபடி
நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

எங்கள் வரப்பு முடியுமிடத்தில்
வாய்க்காலுக்குள் மண் போட்டது அப்பன் காலத்தில்.
மண்மேல் ஒரு வேம்பு முளைத்தது.
அந்த நிழலில் கட்டில் போட்டுத்தான் படித்தேன்.
ஒழைச்சுப் படிச்சேன் என்று
பையனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.
பொய்யில்லை.

கோரிக்கை ஜெயித்தது.
வியாழக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் முறை.
நுரையும் சருகும் ஒரு ஒற்றைச் செருப்புமாகத்
தண்ணீர் வந்தது.
வேம்படி வரை வந்து, முட்டி,
பழகின வழியில் திரும்பி
எங்கள் சோளத்துக்குள் ஓடியது.

பையன் டார்ச்சை மரத்துக்கு அந்தப்பக்கம் அடித்தான்.
"அக்கட்டால என்னங்ப்பா இருக்குது?"

மம்பட்டி என் கையில்தான் இருந்தது.